இதயத்தில் கருவி பொருத்தப்பட்டவர்களும் உடற்பயிற்சியும்

இதயம் பலவீனமடைந்த ஒருவருக்கு ஓய்வைவிடச் சிறந்த மருந்து இல்லை என்ற எண்ணம் எமது சமூகத்தில் ஆழமாக வேரூன்றியுள்ளது. வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியவரைச் சாய்மனைக் கதிரையில் அமர்த்தி, தண்ணீர்க் குவளையைக்கூட அவர் எழுந்து எடுக்கவிடாது பார்த்துக்கொள்வதையே உறவினர்கள் தமது கடமையாகக் கருதுகின்றனர். அவரது நெஞ்சினுள் ஒரு மின்கருவியும் பொருத்தப்பட்டிருந்தால் இந்த அக்கறை அச்சமாகவே மாறிவிடுகின்றது. ஆனால், கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இடம்பெற்று வரும் ஆய்வுகள் இந்த எண்ணம் தவறானது என்பதையே உணர்த்துகின்றன.

ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பர் ஒருவருக்குச் சில வருடங்களுக்கு முன்னர் இத்தகைய கருவியொன்று பொருத்தப்பட்டது. அதன் பின்னர் ஐந்து மாதங்களாக அவர் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. பரிசோதனைக்குச் சென்றபோது, நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று வைத்தியர் வினவியிருக்கின்றார். "நான் வெளியில் இறங்குவதே இல்லை ஐயா, வீட்டார் விடுவதில்லை" என்று நண்பர் சற்றுப் பெருமையுடனேயே பதிலளித்திருக்கின்றார். "நீங்கள் நடமாட வேண்டும் என்பதற்காகத்தானே இந்தக் கருவியைப் பொருத்தினோம்" என்பது வைத்தியர் கூறிய மறுமொழி. நண்பரின் நிலையில் இருப்போர் எம்மிடையே பலர் உள்ளனர். இந்தக் கட்டுரை அவர்களையும் அவர்களைப் பராமரிப்போரையும் கருத்திற் கொண்டே எழுதப்படுகின்றது.

இதயச் செயலிழப்பு என்றால் என்ன?

'இதயச் செயலிழப்பு' என்ற சொல்லே பலரைக் கலங்கச் செய்துவிடுகின்றது. இதயம் நின்றுவிட்டது என்பது இதன் பொருளன்று. உடலுக்குத் தேவையான அளவு குருதியைத் தகுந்த விசையுடன் வெளியேற்றும் ஆற்றலை இதயம் இழந்து வருகின்றது என்பதே இதன் பொருளாகும். மாரடைப்பு, நீண்டகாலக் கட்டுப்பாடற்ற குருதியமுக்கம், வால்வுக் கோளாறுகள், இதயத்தசையைத் தாக்கும் நோய்கள் என இதற்குக் காரணங்கள் பல. சுகதேகி ஒருவரின் இடது இதயவறை ஒவ்வொரு துடிப்பின்போதும் தன்னிடமுள்ள குருதியின் ஏறத்தாழ 55 முதல் 70 வீதத்தை வெளியேற்றுகின்றது. இது 40 வீதமாகவோ அதற்குக் குறைவாகவோ வீழ்ச்சியடையும்போது, வெளியேற்றும் திறன் குன்றிய செயலிழப்பு என வைத்தியர்கள் வகைப்படுத்துகின்றனர். மூச்சு வாங்குதல், கால் வீக்கம், தாங்க முடியாத களைப்பு ஆகியன இதன் பிரதான அறிகுறிகளாகும்.

இத்தகைய இதயங்களுக்கு மூவகைக் கருவிகள் துணை நிற்கின்றன. இதயத்துடிப்பு மிகவும் மந்தமாகும்போது அதனை ஒழுங்குபடுத்துவது பேஸ்மேக்கர். ஆபத்தான வேகத்தில் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை வேகமான மின்துடிப்புகள் மூலமோ மின்னதிர்ச்சி மூலமோ வழமைக்குக் கொண்டு வருவது ஐ.சீ.டி. கருவி. இடது, வலது இதயவறைகள் ஒருமித்துச் சுருங்காது முன்பின்னாகச் சுருங்கும்போது, அவற்றை ஒரே தாளத்துக்குக் கொண்டு வருவது சீ.ஆர்.ரி. கருவி. பின்னைய இரண்டும் ஒரே கருவியில் இணைந்திருப்பதும் உண்டு.

இவற்றின் வரலாறு வியப்புக்குரியது. 1958 ஆம் ஆண்டு ஒக்டோபர் 8 ஆம் திகதி சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரில், ஆர்னே லார்சன் என்ற 43 வயதுடையவருக்கு உலகின் முதலாவது உட்பொருத்து பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. அதனை வடிவமைத்தவர் பொறியியலாளர் ரூனே எல்ம்க்விஸ்ற். சத்திரசிகிச்சை செய்தவர் ஓகே சென்னிங். அந்த முதலாவது கருவி சில மணித்தியாலங்களே இயங்கியது. ஆயினும் லார்சன் ஒன்றன் பின் ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றியவாறு 2001 ஆம் ஆண்டு வரை, அதாவது தமது 86 ஆவது வயது வரை, வாழ்ந்தார். தம்மைக் காப்பாற்றிய மருத்துவரையும் பொறியியலாளரையும் விட நீண்டகாலம் அவர் உயிர் வாழ்ந்தமை குறிப்பிடத்தக்கது.

ஐ.சீ.டி. கருவியின் தந்தை எனக் கருதப்படும் மிஷேல் மிரோவ்ஸ்கி, தமது மதிப்புக்குரிய மூத்த வைத்தியர் ஒருவர் இதயத்துடிப்புக் கோளாறினால் உயிரிழந்ததைக் கண்டு, இதற்கொரு தீர்வு காண வேண்டுமென உறுதி பூண்டவர். பலரது ஏளனத்துக்கும் மத்தியில் அவர் மேற்கொண்ட முயற்சியின் பயனாக, 1980 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் முதலாவது கருவி மனிதரொருவருக்குப் பொருத்தப்பட்டது.

ஓய்விலிருந்து அசைவுக்கு

ஒரு காலத்தில் மாரடைப்புக்கு உள்ளானவர்கள் வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தப்பட்டனர். 1950 களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த சாமுவேல் லெவின், பேர்னாட் லவுன் ஆகிய இரு வைத்தியர்கள் நோயாளரைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கதிரையில் அமரச் செய்தபோது, அதுவே பெரும் துணிச்சலாகக் கருதப்பட்டது. இதயச் செயலிழப்பைப் பொறுத்தவரை இந்த மாற்றம் இன்னும் தாமதமாகவே ஏற்பட்டது. 1980 கள் வரையிலும் இத்தகையவர்களுக்கு ஓய்வே விதிக்கப்பட்டு வந்தது. 1990 ஆம் ஆண்டு பிரித்தானியாவின் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியான சிறிய ஆய்வொன்று, வீட்டிலிருந்தவாறே சைக்கிள் மிதிக்கும் பயிற்சி இதயச் செயலிழப்பு நோயாளரின் உடல் ஆற்றலை மேம்படுத்துவதை எடுத்துக்காட்டியது. அதனைத் தொடர்ந்தே மருத்துவ உலகின் கண்ணோட்டம் படிப்படியாக மாறத் தொடங்கியது எனலாம்.

பலவீனமான இதயத்துக்கு வேலை கொடுப்பது எவ்வாறு நன்மை பயக்கும் என்ற வினா எழுவது இயல்பே. இதற்கான விடை இதயத்தில் மாத்திரமன்றி, கை கால்களின் தசைகளிலும் உள்ளது. இதயச் செயலிழப்பு நோயாளியின் களைப்புக்குப் பம்பியின் பழுது மட்டும் காரணமன்று. அசைவின்றி இருக்கும்போது தசைகள் மெலிகின்றன. தசைக் கலங்களினுள் சக்தியை உற்பத்தி செய்யும் இழைமணிகள் குறைவடைகின்றன. குருதிக்கலன்கள் தேவைக்கேற்ப விரிவடையும் தன்மையை இழக்கின்றன. உடலைப் பதற்ற நிலையில் வைத்திருக்கும் பரிவு நரம்புத்தொகுதி ஓயாது தூண்டப்படுகின்றது. இவ்வாறு நோய் ஒரு பக்கமும் ஓய்வு மறுபக்கமுமாக மனிதரை முடக்குகின்றன. களைப்பாக இருப்பதால் அவர் நடப்பதில்லை. நடக்காததால் மேலும் களைப்படைகின்றார்.

முறையான பயிற்சி இந்தச் சுழற்சியை உடைக்கின்றது. இதயம் அனுப்பும் அதேயளவு குருதியிலிருந்து அதிக ஒட்சிசனைப் பெற்றுப் பயன்படுத்தத் தசைகள் பழகிக்கொள்கின்றன. கருவியினால் இதனைச் செய்ய முடியாது. கருவி இதயத்தின் தாளத்தைக் காக்குமேயன்றி, மெலிந்து போன தொடைத் தசைக்கு வலுவூட்டாது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

இத்துறையில் மேற்கொள்ளப்பட்ட மிகப் பெரிய ஆய்வு 'எச்.எப். அக்ஷன்' என்பதாகும். அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் 82 நிலையங்களைச் சேர்ந்த 2331 நோயாளர்கள் இதில் பங்குபற்றினர். அனைவரதும் இதய வெளியேற்றும் திறன் 35 வீதம் அல்லது அதற்குக் குறைவாகவே காணப்பட்டது. ஒரு சாராருக்கு வழமையான சிகிச்சையுடன், மேற்பார்வையின் கீழ் 36 பயிற்சி அமர்வுகளும் பின்னர் வீட்டில் தொடர்வதற்கான பயிற்சியும் வழங்கப்பட்டன. மறு சாராருக்கு வழமையான சிகிச்சை மாத்திரம் வழங்கப்பட்டது.

2009 ஆம் ஆண்டு வெளியான இதன் முடிவுகள் அளவுக்கு மீறிய எதிர்பார்ப்புகளைத் தணித்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. மரணம் அல்லது வைத்தியசாலை அனுமதி என்ற பிரதான அளவுகோலில் பயிற்சிக் குழுவினருக்குக் கிட்டிய அனுகூலம் சிறியதாகவும், புள்ளிவிபர ரீதியில் உறுதியற்றதாகவும் இருந்தது. நோயின் கடுமையைத் தீர்மானிக்கும் காரணிகளைக் கருத்திற் கொண்டு மீளக் கணிப்பிட்டபோது அது 11 வீதக் குறைவாகத் தென்பட்டது. பயிற்சியாளர்களிற் பலர் நிர்ணயிக்கப்பட்ட நேரத்தை எட்டவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. எவ்வாறெனினும், பயிற்சி ஆபத்தற்றது என்பதும், நோயாளரின் வாழ்க்கைத் தரம் ஓரளவு உயர்ந்தது என்பதும் இதன்மூலம் தெளிவாகின.

கருவி பொருத்தப்பட்டோருக்கு மிக முக்கியமான தகவல் இதே ஆய்விலிருந்து 2013 ஆம் ஆண்டில் வெளியானது. பங்குபற்றியோரில் 1053 பேர் ஐ.சீ.டி. கருவி பொருத்தப்பட்டவர்கள். உடற்பயிற்சியினால் இதயத்துடிப்பு அதிகரித்துக் கருவி மின்னதிர்ச்சி கொடுத்துவிடுமோ என்பதே அனைவரதும் அச்சமாகும். ஆனால், இரண்டு வருடங்களுக்குச் சற்று அதிகமான காலப்பகுதியில் பயிற்சி செய்தோரில் 20 வீதமானோரும், பயிற்சி செய்யாதோரில் 22 வீதமானோரும் மின்னதிர்ச்சிக்கு உள்ளாகியிருந்தனர். அதாவது, கதிரையில் அமர்ந்திருந்தவர்கள் இவ்விடயத்தில் எவ்வகையிலும் கூடுதல் பாதுகாப்புப் பெற்றிருக்கவில்லை.

2015 ஆம் ஆண்டு வெளியான மற்றுமோர் அமெரிக்க ஆய்வில் ஐ.சீ.டி. பொருத்தப்பட்ட 160 பேர் பங்குபற்றினர். அவர்களில் பயிற்சிக் குழுவினர் எட்டு வாரங்கள் தத்தமது வீட்டுச் சூழலில் நடைப்பயிற்சியை மேற்கொண்டு, பின்னர் அதனைக் குறைந்த அளவில் தொடர்ந்தனர். அவர்களது உடல் ஆற்றல் குறிப்பிடத்தக்களவு அதிகரித்தது. பயிற்சியின் விளைவாக எவருக்கும் மின்னதிர்ச்சி ஏற்படவில்லை.

அதேவேளை, உடற்பயிற்சி ஆயுளை நீடிக்கும் என இவர்களுக்கு வாக்குறுதி அளிக்க இயலாது. எட்டு ஆய்வுகளையும் 1730 நோயாளரையும் உள்ளடக்கி 2019 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, ஐ.சீ.டி. பொருத்தப்பட்டோரின் மரண வீதத்தைப் பயிற்சி குறைக்கின்றதா எனத் தீர்ப்பளிக்கச் சான்றுகள் போதாது என்றும், உடல் ஆற்றல் அதிகரிப்பதற்கான அறிகுறிகள் உள்ளன என்றுமே கூறியது. ஆயினும், மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுவதும், பிறர் துணையின்றிக் குளிப்பதும், சந்திவரை நடந்து சென்று பத்திரிகை வாங்கி வருவதும் ஒரு நோயாளிக்குச் சிறிய விடயங்களல்ல.

எவ்வாறு ஆரம்பிப்பது?

உடற்பயிற்சியும் ஒரு மருந்தே. எனவே, அதன் அளவை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கே பயிற்சி உகந்தது. ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்குபவர்கள், அண்மையில் நோய் தீவிரமடைந்தவர்கள், கட்டுப்படாத துடிப்புக் கோளாறு உடையவர்கள், கடுமையான வால்வுச் சுருக்கம் உள்ளவர்கள், காய்ச்சலினால் பீடிக்கப்பட்டவர்கள் ஆகியோர் முதலில் அதற்கான சிகிச்சையைப் பெறுதல் வேண்டும்.

பயிற்சிக்கு முன்னர், ஈ.சீ.ஜீ. பதிவுடன் ஓடுபட்டியிலோ சைக்கிளிலோ செய்யப்படும் பரிசோதனை விரும்பத்தக்கது. ஆறு நிமிடங்களில் எவ்வளவு தூரம் நடக்க முடிகின்றது என்பதை அளக்கும் எளிய நடைப் பரிசோதனையும் பயன் தரும். இதற்கு நீண்ட விறாந்தையும் மணிக்கூடுமே போதுமானவை.

ஐ.சீ.டி. பொருத்தப்பட்ட ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. நிமிடத்துக்கு எத்தனை துடிப்புகளை எட்டும்போது கருவி தலையிடும் என்பதே அந்த எண்ணாகும். இது ஆளுக்காள் வேறுபடும். பயிற்சியின்போது இதயத்துடிப்பு அந்த எல்லைக்கு 10 முதல் 20 வரை குறைவாகவே இருத்தல் வேண்டும். உதாரணமாக, கருவி 180 துடிப்புகளில் தலையிடுமாறு அமைக்கப்பட்டிருந்தால், 160 ஐத் தாண்டாதிருப்பது பாதுகாப்பானது. வைத்தியரிடம் இந்த எண்ணைக் கேட்டறிந்து சிகிச்சை அட்டையில் குறித்து வைத்துக்கொள்வது அவசியம்.

நோயாளரிற் பெரும்பாலானோர் இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளை உட்கொள்வதால், 220 இலிருந்து வயதைக் கழித்துக் கணிக்கும் பிரபலமான சூத்திரம் இவர்களுக்குப் பொருந்தாது. இதற்கு மாற்றாக, உழைப்பின் கடுமையை நோயாளியே உணர்ந்து கூறும் முறையொன்றைச் சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்தளித்தார். 6 முதல் 20 வரையான அந்த அளவுகோலில் 11 இற்கும் 13 இற்கும் இடைப்பட்ட நிலை, அதாவது 'இலகு' என்பதற்கும் 'சற்றுக் கடினம்' என்பதற்கும் இடைப்பட்ட நிலை, ஆரம்பத்தில் உகந்தது. இதைவிட எளிய வழியும் உண்டு. நடந்தவாறே அருகில் வருபவருடன் உரையாட முடிந்தால் வேகம் சரியானது. பேச்சுத் தடைப்பட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

ஆரம்பத்தில் ஐந்து அல்லது பத்து நிமிட நடை போதுமானது. அதனைப் படிப்படியாக முப்பது நிமிடங்களாக, வாரத்தில் ஐந்து நாட்களாக உயர்த்தலாம். முதலில் நேரத்தைக் கூட்டி, பின்னரே வேகத்தைக் கூட்டுதல் வேண்டும். தொடங்கும்போது மெதுவாகத் தொடங்கி, முடிக்கும்போதும் மெதுவாகவே முடிப்பது இன்றியமையாதது. எமது காலநிலையில் காலையும் மாலையுமே நடப்பதற்கு ஏற்ற வேளைகளாகும்.

சில பேஸ்மேக்கர்கள் உடலின் அசைவை உணர்ந்தே துடிப்பை அதிகரிக்கின்றன. உடம்பின் மேற்பகுதி அசையாது சைக்கிள் மிதிக்கும்போது இவை உழைப்பைச் சரிவர உணராது போகலாம். இத்தகையோருக்கு நடையே சிறந்தது. சீ.ஆர்.ரி. கருவி பொருத்தப்பட்டோர், அக்கருவி பின்தொடரக்கூடிய உச்ச துடிப்பு வேகத்தை அறிந்து அதற்குள் பயிற்சியை அமைத்துக்கொள்ள வேண்டும்.

அன்றாட வாழ்வில் கவனிக்க வேண்டியவை

கருவி பொருத்தப்பட்ட முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்துவதும், பாரம் தூக்குவதும், கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் தவிர்க்கப்பட வேண்டும். இதயத்தினுள் செலுத்தப்பட்ட கம்பி இடம்பெயர்ந்துவிடலாம் என்பதே இதற்குக் காரணம். எனினும் கையை முற்றாக அசைக்காதிருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும் என்பதால், மெதுவான அசைவுகள் தேவை. இக்காலப்பகுதியிலும் நடப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை. கோடரி பிடித்தல், உலக்கை போடுதல் போன்று கையை மீண்டும் மீண்டும் ஓங்கிச் செய்யும் வேலைகள் நாளடைவில் கம்பியைப் பாதிக்கக்கூடும் என்பதால், அவை குறித்து வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று. கையடக்கத் தொலைபேசியைக் கருவியிலிருந்து 15 சென்ரிமீற்றருக்கு அப்பால் வைத்திருக்க வேண்டும். சட்டைப்பை அதற்கு உரிய இடமன்று.

சமய அனுட்டானங்கள் பற்றிய ஐயங்களும் நோயாளரிடையே உண்டு. காயம் ஆறிய பின்னர் தொழுகையின் அசைவுகள் பொதுவாகக் கருவிக்குத் தீங்கு செய்வதில்லை. குனியும்போது மூச்சு வாங்குபவர்கள் அமர்ந்து தொழுவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. நோன்பு விடயத்தில், சிறுநீர் போக்கும் மாத்திரைகளை உட்கொள்வோர் முன்கூட்டியே வைத்திய ஆலோசனை பெற வேண்டும். நோன்பு வேளையில், உடலின் நீர் வற்றியிருக்கும் பிற்பகலில் பயிற்சி செய்வது உசிதமன்று. அவ்வாறே, கோவில் திருவிழாக்களில் கடும் வெயிலில் நீண்டநேரம் நிற்பதும், நெஞ்சு நிலத்தில் அழுந்த அங்கப்பிரதட்டை செய்வதும், தோளில் காவடி சுமப்பதும் இவர்களுக்கு உகந்தவையல்ல. வீதியை மெதுவாக வலம் வருவது பக்தியாகவும் பயிற்சியாகவும் அமையும்.

நாள்தோறும் காலையில் நிறையை அளந்து குறித்துக்கொள்வது மிக அவசியம். மூன்று நாட்களில் இரண்டு கிலோவுக்கு மேல் நிறை கூடினால் உடலில் நீர் தேங்குகின்றது என்பது பொருள். அப்போது பயிற்சியை நிறுத்தி வைத்தியரை நாட வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சுவலி, தலைச்சுற்று, மயக்கம், படபடப்பு ஏற்பட்டால் உடனடியாக நிறுத்திவிட வேண்டும்.

ஐ.சீ.டி. கருவி ஒரு தடவை அதிர்ச்சி கொடுத்து, அதன் பின்னர் உடல்நிலை வழமைபோல இருந்தால் பதற்றமின்றி அமர்ந்து, சிகிச்சை நிலையத்துடன் தொடர்புகொள்ளலாம். 24 மணித்தியாலங்களுக்குள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அதிர்ச்சிகள் ஏற்பட்டாலோ, அதிர்ச்சிக்குப் பின்னர் சுகவீனம் தொடர்ந்தாலோ தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அதிர்ச்சி வேளையில் நோயாளியைத் தொடுபவருக்கு ஆபத்தில்லை. எனவே, குடும்பத்தினர் அவரது கையைப் பற்றியவாறு நடக்க அஞ்சத் தேவையில்லை.

சிகிச்சையின் மறுபாதி

எமது நாட்டின் இலவச சுகாதார சேவை பல குறைபாடுகளுக்கும் மத்தியில் இதய நோயாளர் பலரின் உயிரைக் காத்து வருகின்றது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகளுக்கும் சத்திரசிகிச்சைப் பொருட்களுக்கும் ஏற்பட்ட தட்டுப்பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கருவிகள் இறக்குமதி செய்யப்படுபவை, பெறுமதி மிக்கவை. அவற்றுக்காக ஆபரணங்களை அடகு வைத்த குடும்பங்களும் உண்டு. இத்தனை பாடுபட்டுப் பொருத்தப்பட்ட கருவி, கதிரையிலேயே மெலிந்து போகும் உடலைக் காத்து நிற்பதில் என்ன பயன்? நடைக்கு அந்நியச் செலாவணி தேவையில்லை. இயன் மருத்துவர் ஒருவரின் வழிகாட்டல், வாரத்தில் மூன்று நாட்கள் ஒரு மண்டபம், ஈ.சீ.ஜீ. கண்காணிப்பு, பயிற்சி பெற்ற தாதி ஆகியன இருந்தால் மாவட்ட வைத்தியசாலை ஒன்றிலேயே இத்தகைய சேவையை ஆரம்பிக்க முடியும். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் துண்டில் மாத்திரைகளின் பெயர்களுடன் நடக்க வேண்டிய நிமிடங்களும், கருவி தலையிடும் எண்ணும் எழுதப்படுமாயின் அதுவே நல்ல தொடக்கமாக அமையும்.

எமது ஆசிரிய நண்பர் தற்போது மாலைதோறும் மனைவியுடன் அரை மணித்தியாலம் நடக்கின்றார். அவரது இதயம் குணமடைந்துவிடவில்லை. கருவி இன்னமும் அவரது நெஞ்சினுள் விழித்திருக்கின்றது. ஆயினும் வாசற்படி அவருக்கு எல்லையாக இல்லை. நோயாளியைக் கதிரையில் இருத்தி வைப்பது அன்பினாலேயே என்பதில் ஐயமில்லை. அவருடன் சேர்ந்து நடப்பது அதனிலும் பெரிய அன்பு என்பதைக் குடும்பத்தினரும், அதற்கு வழிகாட்டுவது சிகிச்சையின் மறுபாதி என்பதைச் சுகாதாரத் துறையினரும் உணர்தல் வேண்டும்.